பழைய ஹாலிவுட் சாகசக் காதல் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1930களிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட சாகசக் காதல் படங்களை நான் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். அவற்றைப் பார்க்கும்படி நான் வற்புறுத்திய நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சில கேள்விகளுக்குச் சுருக்கமாகவும், மனம் ஒன்றிய சில இடங்களில் விரிவாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

சாகசக் காதல் படம் என்று எதைச் சொல்கிறோம்?

இயல்பான வாழ்க்கையில் ஒருவரையொருவர் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லாத ஓர் ஆணும் பெண்ணும், கடலிலோ காட்டிலோ போர்க்களத்தின் விளிம்பிலோ அகப்பட்டுக்கொண்டு, உயிர் பிழைப்பதற்காகச் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்யத் தொடங்குகிறார்கள். அந்தக் காரியம் முடிவதற்குள் அவர்களிடையே காதல் பிறந்துவிடுகிறது. இதுவே இந்த வகையின் அடிப்படை. ‘ரெட் டஸ்ட்’ (1932), ‘கேப்டன் பிளட்’ (1935), ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ (1938), ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ (1950), ‘தி ஆஃப்ரிக்கன் குயின்’ (1951), ‘மொகாம்போ’ (1953), ‘எலிஃபண்ட் வாக்’ (1954) ஆகியவற்றை மனத்தில் வைத்தே இங்கு எழுதுகிறேன்.

இந்தப் படங்களில் காதல் பெரும்பாலும் பேச்சில் வளர்வதில்லை. இருவரும் சேர்ந்து கயிற்றை இழுக்கிறார்கள், படகைத் தள்ளுகிறார்கள், காய்ச்சலில் கிடப்பவருக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். கைகள் ஒன்றாக உழைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, மனங்கள் எந்தக் கணத்தில் ஒன்றாயின என்பது தெரியாமலே போய்விடுகிறது. எனக்கு இந்த வகையின் மீதுள்ள ஈடுபாட்டுக்கு அதுவே முதல் காரணம்.

இந்தப் படங்கள் ஒழுங்கற்றவை என்று ஏன் சொல்லப்படுகின்றன?

அவற்றில் ஒட்டுகள் வெளிப்படையாகத் தெரிகின்றன. ஒரு காட்சி உண்மையான ஆற்றிலும் அடுத்த காட்சி ஸ்டுடியோத் தொட்டியிலும் எடுக்கப்பட்டிருப்பதைக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ படத்தில் காட்டு வழியில் டெபோரா கெர் தம் நீண்ட கூந்தலைக் கத்தரிக்கோலால் தாமே வெட்டிக்கொள்கிறார். சற்று நேரத்தில், தேர்ந்த ஒப்பனைக் கலைஞர் ஒருவர் திருத்தியதுபோல அழகாகச் சுருண்ட முடியுடன் வெயிலில் அமர்ந்திருக்கிறார். அந்தப் படத்துக்கு காம்ப்டன் பென்னெட், ஆண்ட்ரூ மார்ட்டன் என்று இயக்குநர்களும் இருவர். ரைடர் ஹாகார்டு 1885இல் எழுதிய மூல நாவலில் அந்தப் பயணத்தில் செல்லும் ஆங்கிலேயர் அனைவரும் ஆண்களே. காதலுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே படத்தில் கதாநாயகி சேர்க்கப்பட்டார்.

சில படங்களில் வரலாறே இடம் மாறிக் கிடக்கிறது. ‘தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்’ (1936) பாலக்லாவாவில் 1854இல் நடந்த குதிரைப்படைத் தாக்குதலைப் பற்றியது. அந்தத் தாக்குதலுக்குக் காரணமாக, இந்தியாவில் சுரத் கான் என்ற கற்பனை மன்னன் நிகழ்த்தும் ஒரு படுகொலை காட்டப்படுகிறது. அது 1857இல் கான்பூரில் நடந்ததை ஒத்தது. மூன்று ஆண்டுகள் பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாகிவிடுகிறது! இந்திய வாசகருக்கு இது எரிச்சலூட்டுவது இயல்பே. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒட்டுத் தெரிவதாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடாது. ஒட்டுத் தெரிந்தும், அதன் நடுவே நிற்கும் இரண்டு மனிதர்களை நாம் நம்பினால், அந்த நம்பிக்கை முழுக்க முழுக்க நடிப்பாலும் எழுத்தாலும் உழைப்பாலும் சம்பாதிக்கப்பட்டது என்று பொருள். இந்தப் படங்களின் வசீகரம் அதில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

‘தி ஆஃப்ரிக்கன் குயின்’ படத்தை ஏன் எல்லோரும் முதலில் குறிப்பிடுகிறார்கள்?

குழப்பத்தின் நடுவிலிருந்து எவ்வளவு முழுமையான படம் பிறக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

கதை எளியது. முதல் உலகப் போரின் தொடக்கத்தில், ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவில், மதபோதகரான தம் அண்ணனை இழந்த ரோஸ் சேயர் என்ற பெண்மணி, சார்லி ஆல்நட் என்ற படகோட்டியின் பழைய நீராவிப் படகில் ஏறுகிறார். ஏரியில் நிற்கும் ஜெர்மானியப் போர்க்கப்பலை அந்தப் படகை வைத்தே தகர்க்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் ரோஸ்தான். சார்லி முதலில் மறுக்கிறார், குடிக்கிறார், திட்டுகிறார், பிறகு இணங்குகிறார். படம் வெளியானபோது ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. காத்தரின் ஹெப்பர்னுக்கு நாற்பத்து நான்கு. நடுவயதுக் காதலை, அதுவும் அழுக்குச் சட்டையும் வியர்வையும் கொசுக்கடியுமாக, இவ்வளவு கனிவாகக் காட்டிய படங்கள் இன்றும் குறைவு.

இயக்குநர் ஜான் ஹஸ்டன் படத்தின் பெரும்பகுதியை அன்றைய பெல்ஜியக் காங்கோவிலும் உகாண்டாவிலும் எடுத்தார். டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறைக்கான அக்காலத்துக் கேமரா மிகவும் கனமானது. ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப் அதைக் காட்டாற்றில் மிதவைகளின் மேல் வைத்து இயக்க வேண்டியிருந்தது. அசுத்தமான தண்ணீரால் குழுவினரில் பெரும்பாலோர் வயிற்றுக்கடுப்பில் விழுந்தார்கள். தொடக்கத்தில் வரும் தேவாலயக் காட்சியில் ஹெப்பர்ன் ஆர்கன் வாசிக்கும்போது, வாந்தியெடுக்க வசதியாக அருகில் ஒரு வாளி வைக்கப்பட்டிருந்தது. ஹஸ்டனும் போகார்ட்டும் மட்டும் நோயின்றித் தப்பினார்கள். தாங்கள் தண்ணீரைத் தொடாமல் விஸ்கியை மட்டுமே குடித்ததுதான் காரணம் என்று போகார்ட் பின்னர் சொல்லி வந்தார். படகே ஒருமுறை மூழ்கிப்போய், அதை மேலே தூக்க வேண்டியதாயிற்று. நடிகர்கள் நீரில் இறங்கும் காட்சிகளை ஆப்பிரிக்க ஆற்றில் எடுப்பது ஆபத்து என்பதால், அட்டைகள் ஒட்டிக்கொள்ளும் காட்சி உட்படப் பலவும் லண்டன் ஸ்டுடியோத் தொட்டியில் எடுக்கப்பட்டன.

தொடக்கத்தில் ஹெப்பர்ன் ரோஸின் பாத்திரத்தை மிகவும் இறுக்கமாக நடித்ததாகவும், போர்முனை மருத்துவமனைகளில் காயம்பட்ட வீரர்களைப் பார்க்க வந்த, அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டின் புன்னகையை நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஹஸ்டன் சொன்னதாகவும் ஹெப்பர்னே எழுதியிருக்கிறார். ஓர் இயக்குநர் தமக்குத் தந்த மிகச் சிறந்த அறிவுரை அதுவே என்றும் அவர் கூறினார். படத்தைப் பார்க்கும்போது அந்தப் புன்னகையைக் கவனியுங்கள். தன் அச்சத்தைப் பிறர் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கும் ஒரு பெண்ணின் புன்னகை அது.

நாவலில் சார்லி லண்டன் கீழ்த்தட்டு மக்களின் கொச்சை பேசுபவர். அந்தப் பேச்சு போகார்ட்டுக்கு வராது என்பதால் படத்தில் அவரைக் கனடாக்காரர் ஆக்கிவிட்டார்கள். முடிவும் மாறியது. சி. எஸ். ஃபாரஸ்டர் 1935இல் வெளியிட்ட நாவலில் அந்தப் படகு தாக்குதலுக்கு முன்பே புயலில் மூழ்கிவிடுகிறது; கப்பலைத் தகர்ப்பது பிரிட்டிஷ் கடற்படை. படத்திலோ, மூழ்கிக் கிடக்கும் அந்தப் படகின் மீதே கப்பல் வந்து மோதிச் சிதறுகிறது. தர்க்கத்துக்கு நாவலின் முடிவே பொருந்தும். ஆனால் அவ்வளவு தூரம் அந்தப் படகோடு பயணம் செய்த நமக்குப் படத்தின் முடிவே வேண்டியிருக்கிறது. போகார்ட் தம் வாழ்நாளில் பெற்ற ஒரே ஆஸ்கர் இந்தப் படத்துக்குக் கிடைத்ததுதான்.

பின்னணி ஏன் இவ்வளவு செயற்கையாகத் தெரிகிறது?

பேக் புரொஜெக்‌ஷன் என்று திரைத்துறையில் சொல்லப்படும் முறையே பெரும்பாலும் காரணம். வெளியிடத்தில் முன்பே எடுத்த காட்சியை, ஒளி ஊடுருவக்கூடிய ஒரு பெரிய திரையின் பின்புறமிருந்து பாய்ச்சுவார்கள். திரைக்கு முன்னால் நடிகர்கள் நிற்பார்கள். கேமராவும் புரொஜெக்டரும் ஒரே கதியில் ஓட வேண்டும். ஏற்கெனவே படமாக்கப்பட்டதை மறுபடியும் படமாக்குவதால் பின்னணி வெளிறி, மணல்மணலாகத் தெரியும். நடிகர்கள் மீது விழும் விளக்கொளியும் பின்னணியில் உள்ள வெயிலும் ஒரே திசையிலிருந்து வராததால், இரண்டும் வேறு வேறு உலகம் என்பதைக் கண் உடனே உணர்ந்துகொள்ளும்.

கனமான கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியாத காலத்தில், நடிகர்களின் முகபாவமும் குரலும் தெளிவாகக் கிடைக்க இதுவே வழியாக இருந்தது. வெளிறிய ஆற்றின் முன்னால் இரண்டு முகங்கள் கூர்மையாகத் தெரிகின்றன. நான் அந்த முகங்களைத்தான் பார்க்கிறேன்.

‘கேப்டன் பிளட்’ படத்துக்கும் தமிழ்ப் படத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மருத்துவர் ஒருவர், காயம்பட்ட கலகக்காரருக்குச் சிகிச்சை அளித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, தீவொன்றில் அடிமையாக விற்கப்படுகிறார், பிறகு கடற்கொள்ளையராகிறார், ஆள்பவரின் குடும்பத்துப் பெண் அவரை விரும்புகிறாள். இதைப் படித்ததும் 1965இல் பி. ஆர். பந்துலு இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாக இணைந்து நடித்த அந்தப் படத்தின் கதைக்கு வேர் 1935ஆம் ஆண்டின் ‘கேப்டன் பிளட்’ படத்தில் இருக்கிறது. ஆங்கிலப் படத்தின் பின்னணி, 1685இல் இங்கிலாந்தில் மன்னருக்கு எதிராக மன்மத் பிரபு நடத்திய கலகம். தமிழ்ப் படம் அதைக் கற்பனை நாடொன்றுக்கும் கன்னித் தீவுக்கும் மாற்றிக்கொண்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது மிகுந்த இன்பம் தரும். அடிமைச் சந்தைக் காட்சியை இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்பேன்.

‘கேப்டன் பிளட்’ உருவான விதமும் ஒட்டுப்போட்டதுதான். முதலில் நடிப்பதாக இருந்த ராபர்ட் டோனட் விலகிக்கொள்ள, வார்னர் நிறுவனம் டாஸ்மேனியாவில் பிறந்த, யாரும் அறியாத எரோல் ஃபிளின் என்ற இளைஞரைத் துணிந்து போட்டது. அவருக்கு ஜோடியான ஒலிவியா டி ஹாவில்லண்டுக்கு அப்போது பத்தொன்பது வயது. நாட்கள் செல்லச் செல்ல ஃபிளினின் நடிப்பு மெருகேறியதால், அவர் தடுமாறிய தொடக்கக் காட்சிகளை இயக்குநர் மைக்கேல் கர்டிஸ் மீண்டும் எடுத்தார். கடற்போர்க் காட்சிகளில் சிறிய மாதிரிக் கப்பல்களும், 1924ஆம் ஆண்டு மௌனப் படமான ‘தி ஸீ ஹாக்’ படத்திலிருந்து எடுத்த துண்டுகளும் கலந்திருக்கின்றன.

இசை இன்னும் சுவையான கதை. வியன்னாவிலிருந்து வந்த எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்டுக்கு மூன்று வாரங்களே கொடுக்கப்பட்டன. நேரம் போதாமல் ஒரு சண்டைக் காட்சிக்கு ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் இசைப் பகுதியைப் பயன்படுத்தினார். அந்த நேர்மையுணர்வால், தலைப்பில் தம்மை இசையமைப்பாளர் என்று போடாமல் இசை ஒழுங்கமைப்பு என்று மட்டும் போடச் சொன்னார். படத்தின் பெரும்பகுதி அவர் தாமே எழுதிய இசைதான் என்பதை அறிந்தால் அந்தச் செயலின் பெருமை விளங்கும்.

‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ இன்றும் புதிதாகத் தெரிவது எப்படி?

வண்ணத்தால். மூன்று தனித்தனி ஃபிலிம் சுருள்களில் மூன்று நிறக்கூறுகளைப் பதிவுசெய்யும் டெக்னிகலர் முறை அப்போது புதியது. அதற்கு ஏராளமான வெளிச்சம் வேண்டும். ஆடைகளின் நிறங்களையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் சீகோ நகரத்துப் பிட்வெல் பூங்காவே இங்கிலாந்தின் ஷெர்வுட் காடாக நடித்தது. அங்கே தொடக்கத்தில் இயக்கியவர் வில்லியம் கீலி. நடுவில் அவர் மாற்றப்பட்டு கர்டிஸ் வந்தார். ஆனால் படத்தில் எங்கே ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கினார் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. கோட்டைப் படிக்கட்டில் ஃபிளினும் பேசில் ராத்போனும் வாள்வீசும் இறுதிச் சண்டையில், சில கணங்கள் அவர்கள் உருவம் மறைந்து, தூணில் பெரிதாக விழும் நிழல்கள் மட்டும் போரிடுகின்றன.

இந்தப் படத்துக்கு இசையமைக்கத்தான் 1938இன் தொடக்கத்தில் கோர்ன்கோல்ட் மீண்டும் ஹாலிவுட் வந்தார். முதலில் தமக்கு ஒத்துவராத படம் என்று மறுத்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டார். அவர் அங்கிருந்தபோதே, மார்ச் மாதத்தில், ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. யூதரான அவர் வியன்னாவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தப் படமே தம் உயிரைக் காப்பாற்றியது என்று அவர் கூறினார். அந்த இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது. ராபின் தம் கூட்டத்தாரைச் சேர்த்துக்கொண்டு காட்டில் விருந்துண்ணும் காட்சியின் இசையில் உள்ள மகிழ்ச்சியை, இந்தச் செய்தியை அறிந்த பிறகு என்னால் பழையபடி கேட்க முடிவதில்லை.

காதல் காட்சிகள் ஏன் இவ்வளவு அடக்கமாக இருக்கின்றன?

திரையில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று வகுத்து ஹாலிவுட் 1930இல் ஏற்றுக்கொண்ட தயாரிப்பு விதிமுறைகள் 1934ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து கடுமையாகச் செயல்படுத்தப்பட்டன. அதன் பிறகு சான்றிதழ் இல்லாமல் பெரிய ஸ்டுடியோக்களின் படம் எதுவும் திரைக்கு வர இயலவில்லை. வேறுபாட்டை அறிய ‘ரெட் டஸ்ட்’ படத்தையும், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அதே கதையை மீண்டும் எடுத்த ‘மொகாம்போ’ படத்தையும் பாருங்கள். இரண்டிலும் கதாநாயகன் கிளார்க் கேபிள்தான். முன்னதில் இந்தோசீனத்து ரப்பர் தோட்டம். ஜீன் ஹார்லோ மழைநீர்ப் பீப்பாய்க்குள் இறங்கிக் குளிக்கும் காட்சியை 1934க்குப் பிறகு யாரும் அனுமதித்திருக்க மாட்டார்கள். பின்னதில் ஆப்பிரிக்கா, ஜான் ஃபோர்டு இயக்கம், ஏவா கார்ட்னரும் கிரேஸ் கெல்லியும்.

‘மொகாம்போ’ ஸ்பெயினில் திரையிடப்பட்டபோது, மணமான பெண் வேறொருவரை விரும்புவதை ஃபிராங்கோ அரசின் தணிக்கையாளர்கள் ஏற்கவில்லை. அதனால் டப்பிங்கில் கிரேஸ் கெல்லியையும் அவருடைய கணவரையும் அண்ணன் தங்கை ஆக்கினார்கள். அவர்கள் ஒரே அறையில் தங்குவது அதன்பின் எவ்வளவு பெரிய பாவமாகத் தோன்றும் என்பதைத் தணிக்கையாளர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

கட்டுப்பாட்டினால் நன்மையும் விளைந்தது என்று நினைக்கிறேன். வெளிப்படையாகக் காட்ட முடியாததை, ஒரு கோப்பைத் தேநீரை நீட்டும் விதத்தில், ஒரு பெயரை முதன்முறையாக மரியாதைச் சொல் இல்லாமல் அழைக்கும் தயக்கத்தில் காட்ட வேண்டியிருந்தது. ‘தி ஆஃப்ரிக்கன் குயின்’ படத்தில் ஆல்நட் அவர்களே என்று அழைத்துக்கொண்டிருந்த ரோஸ், தாம் நேசிக்கும் மனிதரின் முதற்பெயர் என்ன என்று கேட்கும் இடம் ஒன்று போதும்.

இலங்கையில் எடுத்த படம் ஒன்று உண்டு என்கிறார்களே?

‘எலிஃபண்ட் வாக்’ படத்தைத்தான் சொல்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து மணமாகி வரும் ரூத், தேயிலைத் தோட்டத் துரையான கணவருடன் ஒரு பெரிய பங்களாவில் குடியேறுகிறாள். அந்த பங்களா யானைகள் காலங்காலமாக நீருக்குச் செல்லும் தடத்தின் குறுக்கே, கணவரின் தந்தையால் பிடிவாதமாகக் கட்டப்பட்டது. தந்தை இறந்த பிறகும் அவருடைய அதிகாரமே அந்த வீட்டை ஆள்கிறது. ரூத்தின் மனம் தோட்டத்து மேலாளர் பக்கம் சாய்கிறது. பிறகு காலரா வருகிறது. இறுதியில் யானைகள் வருகின்றன.

ரூத்தாக நடிக்க முதலில் இலங்கைக்கு வந்தவர் விவியன் லீ. டார்ஜிலிங்கில் பிறந்தவர் அவர். 1953இன் தொடக்கத்தில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே அவருடைய மனநலம் குலைந்து, படத்திலிருந்து விலக நேர்ந்தது. அவருக்குப் பதிலாக வந்த எலிசபெத் டெய்லருக்கு வயது இருபத்தொன்று. லீயைவிட ஏறத்தாழப் பதினெட்டு வயது இளையவர். இலங்கையில் எடுத்தவை அனைத்தையும் தூக்கி எறிய வழியில்லாததால், முகம் தெரியாதபடி தொலைவிலிருந்து எடுத்த சில காட்சிகளில் விவியன் லீ அப்படியே இருக்கிறார். அருகில் வரும்போது டெய்லர், தொலைவில் செல்லும்போது லீ. ஒரே உடை, இரண்டு பெண்கள். நோயுற்று விலகிய ஒரு பெரும் நடிகையின் நடை அந்தப் படத்துக்குள் இன்றும் உலவுகிறது என்பதை அறிந்தபின், தொலைவிலிருந்து எடுத்த அந்தக் காட்சிகள் வரும்போதெல்லாம் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

இந்தப் படத்தைப் பற்றி ஒரு தமிழர் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களும் லயன்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து வெளிவந்த இந்தப் படத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. காலராவில் மடிகிற கூட்டமாக மட்டுமே தொழிலாளர்கள் வந்துபோகிறார்கள். பங்களா எரிவதற்காகப் படம் நம்மை வருந்தச் சொல்கிறது. நான் லயன்களை நினைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் இவற்றை இன்றும் பார்க்கலாமா?

பார்க்கலாம் என்பதே என் பதில். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவும் இந்தியாவும் இந்தோசீனமும் இந்தப் படங்களில் வெள்ளையர் இருவர் காதலிப்பதற்கான மேடைகளாகவே இருக்கின்றன. ‘தி ஆஃப்ரிக்கன் குயின்’ படத்தில்கூட, கிராமம் எரிக்கப்பட்ட பிறகு அங்கிருந்து இழுத்துச் செல்லப்படும் மக்களைப் பற்றி ரோஸும் சார்லியும் பிறகு பேசுவதே இல்லை. நான் நேசிக்கும் படம் என்பதற்காக இதை மறைத்துப் பேச மாட்டேன். ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ படம் வழக்கமான மேற்கத்திய வாத்திய இசையை முற்றிலும் தவிர்த்து, ஆப்பிரிக்கப் பாடல்களையும் முரசொலியையும் மட்டுமே பயன்படுத்தியது என்பதும் அந்தக் காலத்தில் சிறிய செய்தியல்ல. அந்த மண்ணின் ஒலி அமெரிக்கத் திரையரங்குகளை எட்டியது. இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சாகசங்களுக்காக உண்மையில் துன்பப்பட்டவர்கள் உண்டா?

உண்டு, அதைச் சொல்லாமல் படப்பிடிப்புக் கதைகளை மட்டும் ரசிப்பது முறையல்ல. ‘டிரேடர் ஹார்ன்’ (1931) படத்துக்காக ஆப்பிரிக்கா சென்ற நடிகை எட்வினா பூத் அங்கே நோயுற்றார். நீண்டகாலம் உடல்நலம் தேறாமல், தயாரிப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அவருடைய திரைவாழ்வு விரைவிலேயே முடிந்துவிட்டது. ‘தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்’ படத்தில் குதிரைகளின் முன்னங்கால்களில் கம்பியைக் கட்டி, ஓடும்போது இழுத்து விழச்செய்தார்கள். பல குதிரைகள் இறந்தன. அதில் நடித்த எரோல் ஃபிளினே இதைக் கண்டு கொதித்தார். 1939இல் வெளிவந்த வேறொரு படத்துக்காகக் குதிரையொன்று பாறையிலிருந்து கீழே தள்ளப்பட்டு இறந்த பிறகே, படப்பிடிப்பில் விலங்குகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு ஹாலிவுட்டில் உருவாயிற்று. அந்தக் குதிரைப்படைக் காட்சியை நான் ஒருமுறை பார்த்ததோடு நிறுத்திவிட்டேன்.

கதாநாயகிகள் காப்பாற்றப்படுவதற்காக மட்டுமே இருக்கிறார்களா?

மோசமான படங்களில் ஆம். நல்லவற்றில் முடிவெடுப்பவர்களே அவர்கள்தான். கப்பலைத் தகர்க்கும் எண்ணம் ரோஸுடையது. ராபினுக்குத் தூக்குத் தண்டனை என்று அறிந்ததும், தப்பிக்கும் வழியை அவருடைய தோழர்களிடம் கொண்டுசேர்ப்பவள் அவருடைய காதலி மரியன். அந்த மரியனாக நடித்த டி ஹாவில்லண்ட் திரைக்கு வெளியிலும் அஞ்சாதவர். ஏழு ஆண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகும், வேடங்களை மறுத்து நின்ற நாட்களை அதனுடன் கூட்டித் தம்மை மேலும் கட்டிவைக்க முயன்ற வார்னர் நிறுவனத்தின் மீது அவர் வழக்குத் தொடுத்து வென்றார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1944இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியாவில் கலைஞர்களின் ஒப்பந்தங்களுக்கு இன்றும் அந்தத் தீர்ப்பு ஆதாரமாக இருக்கிறது. அவர் 2020இல், 104ஆம் வயதில் மறைந்தார்.

‘காசாபிளாங்கா’ இந்த வகையில் சேருமா?

விளிம்பில் சேரும். பயணமும் காடும் இல்லை. ஆனால் திரைக்கதை முழுமையாக முடியாமலே படப்பிடிப்பு நடந்ததும், இறுதிக் காட்சியில் நிற்கும் விமானம் சிறிய அளவில் செய்த போலி என்பதும், அதை மறைக்கவே மூடுபனி பரப்பப்பட்டதும் இந்தக் குடும்பத்துக்கு உரிய அடையாளங்களே.

எந்த வரிசையில் பார்ப்பது நல்லது?

முதலில் ‘ராபின் ஹூட்’; குழந்தைகளுடன் பார்க்கலாம். அடுத்து ‘தி ஆஃப்ரிக்கன் குயின்’, அதை இரவில், அவசரமில்லாமல் பாருங்கள். பிறகு ‘கேப்டன் பிளட்’ படத்தையும் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தையும் அடுத்தடுத்த நாட்களில். ‘ரெட் டஸ்ட்’, ‘மொகாம்போ’ இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். ‘எலிஃபண்ட் வாக்’ கடைசியில் இருக்கட்டும். குறைகள் மிகுந்த படம் அது, மற்றவற்றில் பழகிய கண்ணுக்கே அதன் அழகு தெரியும்.

‘தி ஆஃப்ரிக்கன் குயின்’ படத்தில் வந்த படகும் கப்பலும் உண்மையானவையா?

படகு உண்மையானது. 1912இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டு, ஆப்பிரிக்காவில் உழைத்த நீராவிப் படகு அது. கதையில் வரும் ஜெர்மானியக் கப்பலுக்கும் உண்மை வரலாற்றில் முன்மாதிரி உண்டு. தாங்கன்யிக்கா ஏரியில் ஜெர்மானியர் ஓட்டிய ‘கிராஃப் ஃபான் கோட்சன்’ என்ற கப்பலை, 1916இல் எதிரியிடம் சிக்கக் கூடாது என்று அவர்களே மூழ்கடித்தார்கள். 1924இல் பிரிட்டிஷார் அதை மேலே எடுத்தார்கள். ‘லியம்பா’ என்ற புதுப் பெயருடன் அது பல பத்தாண்டுகள் அதே ஏரியில் பயணிகளை ஏற்றிச் சென்றது. படகு இப்போது அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்தின் கீ லார்கோவில் இருக்கிறது. போகார்ட்டும் ஹஸ்டனும் 1948இல் அந்த ஊரின் பெயரிலேயே ஒரு படம் எடுத்திருந்தார்கள்.